ஆரோக்கியமான மூளைக்கு ஸ்கேன் தேவையா?

மேடானிலிருந்து வரும் விமானம் பாயான் லெப்பாஸில் தரையிறங்கும்போது, அதிலிருந்து இறங்கும் பலர் பினாங்கு மலையைப் பார்க்க வருவதில்லை; மருத்துவரைப் பார்க்க வருகிறார்கள். சுமத்ராவின் மேடானிலிருந்து பினாங்குக்குப் பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. ஜார்ஜ்டவுனில் பர்மா சாலை, மெக்காலிஸ்டர் சாலை ஆகியவற்றை ஒட்டியுள்ள தனியார் மருத்துவமனைகளின் வரவேற்பறைகளில் இந்தோனேசிய மொழி சர்வ சாதாரணமாகக் கேட்கும்.

வெளிநாட்டு நோயாளிகளின் வருகையை ஒழுங்குபடுத்த, 2009ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சின் கீழ் மலேசிய சுகாதாரப் பயண மன்றம் அமைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் சுமார் 12 லட்சம் பேர் மருத்துவத்திற்காக மலேசியாவுக்கு வந்தனர். அவர்களில் பெரும்பான்மையினர் இந்தோனேசியர்கள். பினாங்கு அவர்களின் முக்கியமான இலக்கு.

இப்படி வருவோர் அனைவரும் நோயாளிகள் அல்லர். எந்த நோயும் இல்லாமல், "எதற்கும் ஒரு முறை பார்த்துவிடலாமே" என்று முழு உடல் பரிசோதனைக்கு வருவோரும் உண்டு. சில பரிசோதனைத் தொகுப்புகளில் மூளை ஸ்கேனும் சேர்க்கப்படுகிறது. உள்ளூரிலும் பல குடும்பங்கள் தாத்தா பாட்டிக்கு இதைச் செய்யலாமா என்று யோசிக்கின்றன.

அன்பு மாணவர்களே, இந்தக் கேள்விக்கு உணர்ச்சியால் பதில் சொல்வது எளிது. இயற்பியலும் நிகழ்தகவும் என்ன சொல்கின்றன என்று இவ்வாரம் பார்ப்போம்.

நீரும் காந்தமும்

மூளையைப் படம் பிடிக்க இரண்டு கருவிகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று சி.டி. ஸ்கேன். இது எக்ஸ் கதிர்களைப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, கணினியின் துணையுடன் குறுக்குவெட்டுப் படத்தை உருவாக்குகிறது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், லண்டன் விம்பிள்டனிலுள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மூளை முதன்முறையாக இவ்வாறு படமெடுக்கப்பட்டது. இதன் பின்னணியில் இருந்த காட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்டும் ஆலன் கோர்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர்.

மற்றொன்று எம்.ஆர்.ஐ. எனும் காந்த ஒத்ததிர்வுப் படிமம். இதில் எக்ஸ் கதிர் இல்லை. நம் மூளையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். நீர் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு புரோட்டான். ஒவ்வொரு புரோட்டானும் ஒரு மிகச் சிறிய காந்தம் போல் நடந்துகொள்கிறது.

மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவிகள் பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா வலிமை கொண்டவை. பூமியின் காந்தப் புலம் சுமார் 0.00005 டெஸ்லா. 3ஐ 0.00005ஆல் வகுத்துப் பாருங்கள்: 60,000 மடங்கு! இவ்வளவு வலிமையான புலத்தை உருவாக்க, நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளைத் திரவ ஹீலியத்தில் -269 பாகை செல்சியஸுக்குக் குளிரூட்டுகிறார்கள். அந்த வெப்பநிலையில் கம்பியின் மின்தடை மறைந்து, அது மீக்கடத்தியாகிறது.

இந்தப் புலத்துக்குள் புரோட்டான்கள் பம்பரம் போல் தலையாட்டிச் சுழல்கின்றன. 1 டெஸ்லா புலத்தில் அவற்றின் அதிர்வெண் 42.58 மெகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லாவில் 42.58 × 3 = 127.7 மெகாஹெர்ட்ஸ். அதே அதிர்வெண்ணில் வானொலி அலையைச் செலுத்தினால் புரோட்டான்கள் ஆற்றலை ஏற்றுக்கொள்கின்றன. அலைகள் பாடத்தில் நீங்கள் படிக்கும் ஒத்ததிர்வு இதுதான். அலையை நிறுத்தியதும் புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அப்போது அவை வெளியிடும் சமிக்ஞையைக் கருவி பிடித்துக்கொள்கிறது.

நீர் மிகுந்த பகுதியிலும் கொழுப்பு மிகுந்த பகுதியிலும் புரோட்டான்கள் திரும்பும் வேகம் வேறுபடும். அந்த வேறுபாடே படத்தில் வெளுப்பாகவும் கருப்பாகவும் தெரிகிறது. சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை அறிய, துணைக் காந்தச் சுருள்கள் புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றுகின்றன. அந்தச் சுருள்களில் மின்னோட்டம் வேகமாக மாறும்போது அவை அதிர்கின்றன. ஸ்கேன் அறையில் கேட்கும் 'டக் டக்' என்ற பேரிரைச்சல் அதனால்தான். இம்முறையை வளர்த்தெடுத்த பால் லாட்டர்பரும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆக, இது அற்புதமான கருவி. அதில் ஐயமில்லை. ஆனால் கருவி சிறந்தது என்பதாலேயே அதை எல்லார் மீதும் பயன்படுத்துவது சிறந்தது என்று ஆகிவிடாது. ஏன் என்று பார்ப்போம்.

தேடாமல் கிடைப்பவை

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில், பொதுமக்களில் 2,000 பேருக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 63. முடிவுகள் 2007இல் வெளியாயின. 7.2 விழுக்காட்டினரின் மூளையில், அவர்களுக்கே தெரியாமல் ஏற்பட்ட பழைய சிறு பக்கவாதத்தின் தழும்பு இருந்தது. 1.8 விழுக்காட்டினருக்கு மூளை இரத்தக் குழாயில் புடைப்பு இருந்தது. 1.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் அல்லாத கட்டி இருந்தது. இப்படி எதையும் எதிர்பாராத நிலையில் தென்படுவதை மருத்துவர்கள் 'தற்செயல் கண்டுபிடிப்பு' என்கிறார்கள்.

இவற்றுள் இரத்தக் குழாய்ப் புடைப்பை எடுத்துக்கொள்வோம். மருத்துவர்கள் இதை 'அனியூரிசம்' என்பார்கள். நைந்துபோன சைக்கிள் டியூபில் காற்றடித்தால் ஓரிடம் மட்டும் புடைத்து நிற்குமே, அதைப் போன்றது. அது வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. வெடிக்காத வரையில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. 21 நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியான மதிப்பீட்டின்படி, பெரியவர்களில் சுமார் 3.2 விழுக்காட்டினருக்கு இத்தகைய புடைப்பு இருக்கிறது. ரோட்டர்டாம் எண்ணைவிட இது அதிகமாக இருப்பதற்கு, படமெடுக்கும் முறையும் ஆய்வுக்கு உட்பட்டவர்களும் வேறுபடுவது ஒரு காரணம்.

ஒரே கருவி, இரண்டு பதில்கள்

இப்போது கணிதம். ஒரு கற்பனைக் கருவியை எடுத்துக்கொள்வோம். புடைப்பு உள்ள 100 பேரில் 95 பேரை அது சரியாகக் கண்டுபிடிக்கும். புடைப்பு இல்லாத 100 பேரில் 95 பேருக்கு 'இல்லை' என்று சரியாகச் சொல்லும். மீதி 5 பேரின் படத்தில் ஏதோ ஒரு வளைவோ நிழலோ சந்தேகத்தைக் கிளப்பும். கேட்பதற்கு நல்ல கருவிதானே?

முதலில், எந்த அறிகுறியும் இல்லாத 1,000 பேரை அதில் படுக்க வைப்போம். 3.2 விழுக்காட்டின்படி 32 பேருக்குப் புடைப்பு உண்டு. 968 பேருக்கு இல்லை.

32 பேரில் 95 விழுக்காடு: சுமார் 30 பேர் சரியாகக் கண்டுபிடிக்கப்படுவர்.
968 பேரில் 5 விழுக்காடு: சுமார் 48 பேர் வீணாகச் சந்தேகத்துக்கு உள்ளாவர்.

"உங்களுக்குப் புடைப்பு இருக்கலாம்" என்று சொல்லப்படுவோர் மொத்தம் 78 பேர். அவர்களில் உண்மையிலேயே புடைப்பு உள்ளவர்கள் 30 பேர் மட்டுமே. அதாவது ஐந்து பேரில் இருவர்கூட இல்லை.

அடுத்து, திடீரென்று தாங்க முடியாத தலைவலி போன்ற அறிகுறிகளுடன் வந்த 1,000 பேரை அதே கருவியில் படுக்க வைப்போம். அவர்களில் 300 பேருக்குப் புடைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

300 பேரில் 95 விழுக்காடு: 285 பேர்.
700 பேரில் 5 விழுக்காடு: 35 பேர்.

இப்போது சந்தேகிக்கப்படுவோர் 320 பேர். அவர்களில் 285 பேருக்கு உண்மையிலேயே புடைப்பு உண்டு, 89 விழுக்காடு!

கருவி மாறவில்லை. அதை இயக்குபவரும் மாறவில்லை. படுத்திருப்பவர்கள் மட்டுமே மாறினார்கள். சோதனை முடிவின் நம்பகத்தன்மை கருவியை மட்டும் பொறுத்ததன்று; அந்தக் குழுவில் நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவதென்றால், இதை எழுதுங்கள்.

உண்மையிலேயே இருந்தால்?

"வீண் சந்தேகம் வந்தாலும் பரவாயில்லை, அந்த 30 பேர் தப்பிப்பார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதையும் கணக்கிடுவோம்.

ஜப்பானில் 5,720 பேரின் வெடிக்காத புடைப்புகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2012இல் வெளியானது. ஓராண்டில் வெடிக்கும் வாய்ப்பு சராசரியாக 0.95 விழுக்காடு. எளிமைக்காக இந்த விகிதம் மாறாது என்று கொண்டால், புடைப்புள்ள 32 பேரில் பத்தாண்டுகளில் சுமார் 3 பேருக்கு வெடிக்கலாம். மீதி 29 பேருக்கு ஒன்றும் ஆகாது.

புடைப்புக்குச் சிகிச்சை உண்டு. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் நுண்ணிய உலோகச் சுருளை அடைக்கலாம். அல்லது மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கவ்வி போடலாம். 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, முதல் முறையில் 100 பேரில் சுமார் 5 பேருக்கும் இரண்டாவது முறையில் சுமார் 8 பேருக்கும் சிக்கல் ஏற்படுகிறது. சிக்கல் என்றால் மரணம் என்று பொருளன்று; மரணம் நூற்றில் ஒருவருக்கும் குறைவே. ஆனால் கை கால் பலவீனம், பக்கவாதம் போன்றவை அதில் அடங்கும்.

32 பேருக்கும் சிகிச்சை செய்தால், முறையைப் பொறுத்து 1 முதல் 3 பேர் வரை இப்போதே சிக்கலுக்கு ஆளாகலாம். பத்தாண்டுகளில் 3 பேருக்கு வரக்கூடிய ஆபத்தைத் தடுக்க, இன்று நலமாக நடமாடும் சிலரைப் பணயம் வைக்கிறோம். தராசின் இரு தட்டுகளும் ஏறக்குறைய சமமாக நிற்பதைக் கவனியுங்கள்.

அதனால்தான் மருத்துவர்கள் எல்லாப் புடைப்புகளுக்கும் கை வைப்பதில்லை. அளவு, இடம், வயது, புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அதே ஜப்பானிய ஆய்வில், 3 முதல் 4 மில்லிமீட்டர் புடைப்பு ஓராண்டில் வெடிக்கும் வாய்ப்பு 0.36 விழுக்காடு, 10 முதல் 24 மில்லிமீட்டர் புடைப்புக்கோ 4.37 விழுக்காடு. ஏறத்தாழ 12 மடங்கு வேறுபாடு! பெரிய புடைப்பு உள்ளவருக்கு ஸ்கேன் உயிர்காக்கும். சிறியது உள்ளவருக்கு "ஆண்டுதோறும் வந்து பாருங்கள்" என்ற பதிலும், அதோடு தூக்கமில்லாத இரவுகளும்தான் கிடைக்கக்கூடும்.

ஜப்பானும் கொரியாவும்

ஜப்பானில் ஆரோக்கியமானவர்கள் தாமாகவே பணம் கட்டி மூளை ஸ்கேன் எடுக்கும் வழக்கம் 1980களின் இறுதியில் தொடங்கியது. அதற்கு 'நோ டொக்கு' என்று பெயர். 'மூளைத் துறை' எனலாம். கப்பலைத் துறையில் ஏற்றிப் பழுது பார்ப்பதைப் போல் மனிதரையும் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த பெயர் அது. அழகான உவமைதான். ஆனால் கப்பலில் துருப்பிடித்த தகட்டைக் கழற்றிவிட்டுப் புதியது பொருத்தலாம். மூளையில் அது முடியாது.

தென் கொரியா மற்றொரு பாடம். அங்கு 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் சிறு கட்டணத்தில் தைராய்டு ஸ்கேனையும் பல மருத்துவமனைகள் சேர்த்துச் செய்தன. 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோயின் விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கானது. ஆயிரக்கணக்கானோருக்குத் தைராய்டு சுரப்பி அகற்றப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. ஆனால் தைராய்டு புற்றுநோயால் இறந்தோரின் விகிதம் குறையவே இல்லை. தீங்கு செய்யாமலே இருந்துவிடக்கூடிய ஒன்றைத் தேடிப் பிடித்துச் சிகிச்சை அளித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

இதை உலக சுகாதார நிறுவனம் முன்பே எண்ணிப் பார்த்திருந்தது. அது 1968இல் வெளியிட்ட, வில்சனும் யுங்னரும் எழுதிய அறிக்கை, மக்கள் திரளுக்குப் பரிசோதனை செய்யுமுன் கேட்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டது. நோய் முக்கியமானதா? அதன் போக்கு நன்கு தெரியுமா? ஏற்கத்தக்க சிகிச்சை உண்டா? யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்பதில் தெளிவு உண்டா? மூளை ஸ்கேனைப் பொறுத்தவரை, கடைசிக் கேள்வியில்தான் நாம் தடுமாறுகிறோம்.

பயணிக்குக் கூடுதல் சிக்கல்

வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு இந்தத் தடுமாற்றம் இரட்டிப்பாகிறது. மூன்று நாள் பயணத்தில் வந்தவர், ஊர் திரும்பும் நாளில் "4 மில்லிமீட்டர் புடைப்பு தெரிகிறது" என்று கேட்டால் என்ன செய்வார்? இங்கேயே தங்கிச் சிகிச்சை பெறுவதா, ஊருக்குப் போய் வேறொரு மருத்துவரைக் கேட்பதா? அவசரத்தில் எடுக்கும் முடிவு நல்ல முடிவாக அமைவது கடினம். சிறிய புடைப்பு பொதுவாக அவசர நிலை அன்று என்பதை அவருக்கு யாராவது நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தொடர் கண்காணிப்பு. புடைப்பு வளர்கிறதா என்பதே முக்கியக் கேள்வி. அதற்குப் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாடுகூடப் பொருட்படுத்தத் தக்கது. ஆகவே பயணி இரண்டு பக்க அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் போதாது. முழுப் படங்களையும் 'டைகாம்' என்ற பொது வடிவத்தில் வட்டிலோ வேறு வழியிலோ பெற்றுச் செல்ல வேண்டும். வேறு மாநிலத்தில் ஸ்கேன் எடுக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும்.

யாருக்குத் தேவை? எதற்குக் காத்திருக்கக் கூடாது?

அறிகுறி இல்லாவிட்டாலும் சிலருக்கு ஸ்கேன் பொருத்தமானது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய உறவினரில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ மூளைப் புடைப்பு இருந்தவர்கள் மருத்துவரிடம் இது பற்றிப் பேச வேண்டும். பரம்பரையாக வரும் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் உள்ளவர்களும் அப்படியே. மேலே போட்ட கணக்கின்படி, இவர்கள் 1,000 பேர் கொண்ட வேறொரு குழு.

அறிகுறி உள்ளவரின் நிலை முற்றிலும் வேறு. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? ஒரு கை தொய்ந்து விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? வாழ்நாளில் இதுவரை வராத கடுந்தலைவலி திடீரெனத் தாக்குகிறதா? உடனே 999ஐ அழையுங்கள். தொகுப்புச் சலுகை, விமானச் சீட்டு, நல்ல நாள் எதற்கும் காத்திருக்கக் கூடாது. மூளையின் பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால் ஒரு நிமிடத்தில் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அப்போது எடுக்கும் ஸ்கேனுக்கு ஈடு இணை இல்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அது எதிர்காலத்துக்கான உறுதிச்சீட்டு அன்று. நம் கணக்கிலேயே 32 பேரில் 2 பேரைக் கருவி தவறவிட்டதே! மேலும், பெரும்பாலான பக்கவாதங்கள் புடைப்பால் வருவதில்லை. இரத்தக் குழாய் அடைப்பால் வருகின்றன. 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் காரணிகளே பக்கவாதங்களில் பத்தில் ஒன்பதுக்குப் பின்னணி என்றது. அவற்றில் முதலிடம் உயர் இரத்த அழுத்தத்துக்கு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் பத்துப் பேரில் சுமார் மூவருக்கு அது இருக்கிறது. அதை அளக்க மீக்கடத்திக் காந்தம் வேண்டாம். கையில் சுற்றும் பட்டை போதும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்.

வீட்டில் யாராவது மூளை ஸ்கேன் தொகுப்பைப் பற்றிப் பேசினால், "வேண்டாம்" என்று தடுக்காதீர்கள். "கட்டாயம் வேண்டும்" என்றும் அவசரப்படுத்தாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அறிகுறியோ குடும்ப வரலாறோ இருக்கிறதா? ஏதாவது தென்பட்டால் அடுத்து என்ன செய்வோம்? இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கடைசியாக எப்போது அளந்தோம்? மூன்றாவது கேள்விக்கு வீட்டில் யாருக்கும் பதில் தெரியாவிட்டால், அங்கிருந்து தொடங்குங்கள்.

பயிற்சி

1. 7 டெஸ்லா ஆராய்ச்சிக் கருவியில் ஹைட்ரஜன் புரோட்டான்களின் அதிர்வெண் என்ன?

2. நெருங்கிய உறவினர் இருவருக்குப் புடைப்பு இருந்த 1,000 பேரில், 100 பேருக்குப் புடைப்பு இருப்பதாகக் கொள்க. நம் கற்பனைக் கருவியில் சந்தேகிக்கப்படுவோர் எத்தனை பேர்? அவர்களில் உண்மையிலேயே புடைப்பு உள்ளவர்கள் எத்தனை விழுக்காடு? இந்த விடை முன்பு கண்ட 38, 89 ஆகிய விழுக்காடுகளுக்கு நடுவே ஏன் வருகிறது?

விடைகள்: 1. சுமார் 298 மெகாஹெர்ட்ஸ். 2. சரியாகக் கண்டறியப்படுவோர் 95. வீண் சந்தேகத்துக்கு உள்ளாவோர் 900இல் 5 விழுக்காடு, அதாவது 45. மொத்தம் 140 பேர். அவர்களில் 68 விழுக்காட்டினருக்குப் புடைப்பு உண்டு. இக்குழுவில் புடைப்பு பொதுமக்களைவிடப் பரவலாகவும், அறிகுறியுடன் வந்தவர்களைவிட அரிதாகவும் இருப்பதே காரணம்.